மைக்கில் பேசிய முத்துச்செல்வி

சுந்தரபாண்டியபுரத்து முத்துச்செல்வி பதினெட்டு வருஷம் பீடி சுற்றியவள். தன் விரல்களுக்கு இருந்த பலம் அவளுக்கே தெரியாது. நாற்பது வயதில், குற்றாலத்தில் பெண்களுக்கான எண்ணெய் மசாஜ் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. தோளில் கை வைத்ததுமே, வந்திருப்பவள் அலுத்துப்போயிருக்கிறாளா, மனசுக்குள் எதையோ போட்டு அரைக்கிறாளா என்று அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

போன ஆடியில் சாரல் விடாமல் அடித்தது. மெயின் அருவியில் சொல்லி மாளாத கூட்டம். பெண்கள் வரிசையை ஒழுங்குபடுத்த எஸ்.ஐ. ஜெயபிரியா விடிந்ததிலிருந்து நனைந்துகொண்டே நின்றாள். அவள் வாய்க்குப் பயந்து கான்ஸ்டபிள்களே தள்ளி நின்றார்கள். மத்தியானம் மழைக்கு ஒதுங்கி மசாஜ் நிலையத்துக்குள் வந்தவள், துண்டுகள் கிடக்கிற லட்சணத்தைப் பார்த்து அங்கேயும் சத்தம் போட்டாள்.

ஜெயபிரியாவின் தாடை இறுகிக் கிடப்பதைத்தான் முத்துச்செல்வி பார்த்தாள்.

"கையக் கொஞ்சம் குடுங்க மேடம். அஞ்சே நிமிசம்."

மறுக்க வாயெடுத்த ஜெயபிரியா, ஏனோ கையை நீட்டிவிட்டாள். வெதுவெதுப்பான எண்ணெயைத் தொட்டு, உள்ளங்கையில் கட்டைவிரலை ஊன்றி, ஒவ்வொரு விரலாக முத்துச்செல்வி நீவினாள். நெற்றிப்பொட்டுக்கு வருவதற்குள் எஸ்.ஐ. நாற்காலியிலேயே உறங்கிப்போனாள்.

மேஜையில் எஸ்.ஐ. வைத்திருந்த வயர்லெஸ் மைக் கரகரத்தது. யாரோ எஸ்.ஐ.யைக் கூப்பிட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள். எழுப்ப மனசு வராமல் முத்துச்செல்வி பொத்தானை அமுக்கினாள்.

"மேடம் உறங்குதாவ. செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க."

குற்றாலத்தில் காவலுக்கு நின்ற அத்தனை போலீஸ் காதிலும் அது விழுந்தது. நல்லவேளை, சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

மறுநாள் ஜெயபிரியா நேரே வந்து நின்றதும் முத்துச்செல்வி அவசரமாகத் துண்டுகளை மடிக்க ஆரம்பித்தாள். எஸ்.ஐ.க்குப் பின்னால் நான்கு பெண் போலீசார் வேறு.

"மானமே போச்சுக்கா," என்றாள் ஜெயபிரியா. "ஆனா நேத்து சாயங்காலம் நான் ஒருத்தரையும் ஏசலியாம். என்ன மருந்துன்னு இவளுவ கேக்காளுவ."

"மருந்துல்லாம் இல்ல மேடம். கையப் பிடிச்சு ஒருத்தர் நம்மளையே கவனிச்சா, உடம்பு தானா இளகிரும்."

ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சீசன் முடிந்தும் அவர்கள் விடவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் தென்காசியில் பெண் போலீசாரின் ஓய்வறைக்கு முத்துச்செல்வி போகிறாள். கையை நீட்டியபடி பிள்ளைகளின் பரீட்சை, கிடைக்காத லீவு என்று எல்லாவற்றையும் அவர்கள் கொட்டிவிடுவார்கள். தலை குனிந்து தனியாகப் பீடி சுற்றிய காலத்தில் அவளோடு இத்தனை பேர் பேசியதில்லை.

போன வாரம் முத்துச்செல்விக்கே கழுத்துப் பிடித்துக்கொண்டது. கான்ஸ்டபிள் மாடத்தி அவளை உட்காரவைத்து, தான் பார்த்துப் பழகியபடி எண்ணெய் தேய்த்தாள். கொஞ்சம் முரட்டுக் கைதான். தேய்த்தவரை போதும் என்று சொல்ல முத்துச்செல்விக்கு மனசில்லை. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தாள்.