மஞ்சள் துணி கட்டிய நாற்பத்தேழாம் கோபுரம்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் சிற்பம் பார்ப்பார்கள், கடல் பார்ப்பார்கள், வறுத்த மீன் சாப்பிடுவார்கள். நான் போன மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போனது, ஒரு மின்கோபுரத்தைச் சாய்ப்பதைப் பார்க்க. பாதி பேர் இந்த வரியிலேயே வேறு பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். மீதி இருப்பவர்கள் நம் ஆட்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு அறிமுகம். சிங்கப்பெருமாள் கோயிலில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. படிப்பு பத்தாவது, அதுவும் கணக்குப் பரீட்சை மனம் இரங்கியதால். மின்கோபுரங்கள் என்றால் எனக்கு ஒரு பித்து. நேர்க்கோட்டில் நிற்பவை ஒல்லியாக இருக்கும், லைன் திரும்புகிற இடத்தில் இழுவையைத் தாங்கி நிற்பவை குண்டாக இருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சோறு மறந்துபோகும். இத்தனைக்கும் கடையில் பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறினாலே கால் நடுங்கும்.

இந்தப் பித்து என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் மகள் எஸ்தர் டிப்ளமோ முடித்துவிட்டு, மின்கோபுரம் நிறுத்துகிற, இறக்குகிற ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் எட்டு மாதம் முன்பு சேர்ந்துவிட்டாள். "உன் பைத்தியத்தைப் புள்ளைக்கும் ஒட்டவச்சிட்ட" என்று என் மனைவி சொன்னாள்.

கடலோரமாகப் போகிற ஒரு பழைய லைனை இப்போது கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். உப்புக் காற்றில் துத்தநாகப் பூச்சு உரிந்து, இரும்பு பொரிப்பொரியாகிவிட்டது. பக்கத்திலேயே புது லைன் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது எஸ்தர் சொன்னாள். "நாளைக்கு நாப்பத்தேழ இறக்குறோம். மொத தடவை என் பொறுப்பு. காலைல நானும் மேல ஏறிப் பாப்பேன்." ரசத்தை ஊற்றிக்கொண்டே தொடர்ந்தாள். "நீ வராத நைனா. சத்தியமா வராத."

நான் வரமாட்டேன் என்றேன். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. முப்பது மீட்டர் உயரம், துருப்பிடித்த இரும்பு, அதன் மேல் என் பெண். இவ்வளவு நாள் கோபுரத்தை நோட்டில் வரைந்தபோது அதன் உச்சியில் ஒரு ஆள் நிற்பான் என்று நான் யோசித்ததே இல்லை.

காலை 6.40 மின்சார ரயிலில் செங்கல்பட்டு, டிக்கெட் ஐந்து ரூபாய். எஸ்தரைக் கம்பெனி ஜீப் ஐந்து மணிக்கே கூட்டிப் போய்விட்டது. பேருந்து நிலையத்தில் ஒரு டீ குடித்தேன். 7.15க்குத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்து. சுமார் முப்பது கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். நம் ஆட்கள் வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வயலுக்கு நடுவே ஒரு குண்டுக் கோபுரம் வரும், கண்ணுக்கு விருந்து. அன்றைக்கு நான் அதைப் பார்த்தேனா இல்லையா என்றே நினைவில்லை. தாடையில் கை வைத்தபடி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

8.25க்கு மாமல்லபுரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் தெற்கே ஆறு கிலோமீட்டர், முப்பது ரூபாய். டிரைவருக்கு என் வயதிருக்கும், பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர்.

"இன்னா அண்ணாத்த, பீச்சுக்கா?"

"இல்லீங்க. டவர் இறக்குறாங்களே, அதைப் பார்க்க."

அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை அளந்தார். "ஊரே கல்லுக் கோயில் பாக்க வந்துகினு கீது. நீ கரண்டு டவரு பாக்க வந்துகினு கீற. வூட்ல சொல்லிட்டுத்தான் வந்தியா?"

"சொல்லல."

"அதான பாத்தேன்" என்று சிரித்தவர், பிறகு கொஞ்சம் கடுப்பாகவே சொன்னார். "எங்களுக்குத்தான் பேஜாரு. கடல்லேந்து பாக்கச் சொல்ல அந்த டவரும் திருக்கழுக்குன்றத்து மலையும் ஒரே நேரா வந்தா, அடியில பாறை கீதுன்னு வலையத் தூக்கிடுவோம். இனிமே இன்னாத்த பாக்கறது?"

இதை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. பேனாவை எடுத்தேன், மறுபடி சட்டைப் பையிலேயே செருகிக்கொண்டேன்.

இறங்கிய இடத்திலிருந்து கால்வாய்க் கரைமேல் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். கரையில் நடந்தால் சிவப்புக்கொடி பிடித்த ஒருவர் நிற்பார். அவர் எஸ்தரிடம் சொல்லிவிடுவார். அதனால் நான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். கரையிலிருந்து இறங்கி, வேலிக்காத்தான் புதருக்குள் ஆடு போகிற தடத்தைப் பிடித்தேன். சட்டை மூன்று இடத்தில் கிழிந்தது. சேற்றில் செருப்பு இரண்டு முறை கழன்றது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோபுரம் நிறுத்துவதையும் பிரிப்பதையும் நான் ஐந்தாறு இடத்தில் பார்த்திருக்கிறேன். நிறுத்தும்போது நான்கு கால்களையும் கான்கிரீட்டில் ஊன்றி, எண் பொறித்த இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கிப் போல்ட் போடுவார்கள். பிரிக்கும்போது அதையே உச்சியிலிருந்து திருப்பிச் செய்வார்கள். ஆள் மேலே இருப்பான், இரும்பு கயிற்றில் இறங்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

9.50க்குப் புதர் முடிந்து வெட்டவெளி வந்தது. எதிரே நூறடி தள்ளி நாற்பத்தேழு. கம்பிகளையும் அவை தொங்கும் பீங்கான்களையும் முன்பே இறக்கிவிட்டதால் மொட்டையாக நின்றது. உச்சியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. எஸ்தரின் வேலைச் சட்டை மஞ்சள். சரி, மேலே இருக்கிறாள், பெல்ட் போட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டு பார்வையைக் கீழே இறக்கினேன்.

கீழே அந்தப் பக்கத்து இரண்டு கால்களும் அறுபட்டிருந்தன. அறுத்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. என் பக்கத்துக் கால்களில் பாதி வெட்டு. கோபுரத்தின் இடுப்பிலிருந்து ஒரு இரும்புக் கயிறு என் தலைக்கு மேலாகப் போனது. திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு பெரிய டிராக்டர், புகை விட்டபடி.

இவர்கள் பிரிக்கவில்லை, இழுத்துச் சாய்க்கிறார்கள். அவள் மேலே இருக்கிறாள்.

அடுத்து நான் செய்ததைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. "எஸ்தர்! எறங்கு! எஸ்தர்!" என்று கத்தியபடி கோபுரத்தை நோக்கி ஓடினேன். அதாவது, அது விழப்போகிற இடத்தின் நடுவே ஓடினேன்.

நீளமாக ஒரு விசில். டிராக்டர் நின்றது. "யோவ், யாருய்யா அது!" என்று ஒரு குரல். கேங் மேஸ்திரி ஏழுமலை என்று பிறகு தெரிந்துகொண்டேன், மதுராந்தகத்துக்காரர். "பாப்பா, கால அறுத்தாச்சு. காத்து வந்தா தானா வுழுந்துரும்."

"உள்ள ஆள் இருக்கு. கயிறு அப்படியே இருக்கட்டும். யாரும் உள்ள போகாதீங்க." இது எஸ்தரின் குரல். ஆனால் அது மேலிருந்து வரவில்லை. எனக்கு அது உறைக்கவில்லை. நான் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பு முனகியது. வெறும் காற்றுதான். ஆனால் அந்த முனகலைக் கேட்டதும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியில் மறுபடி அவள் குரல் வந்தது. "சார், பக்கவாட்டுல வாங்க. சார்!" நான் அசையவில்லை. பிறகு குரல் மாறியது.

"நைனா. மேல பாக்காத. என்னைப் பாரு."

பார்த்தேன். இடது பக்கம், சிவப்பு டேப்புக்கு அப்பால், தரையில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை மேலே, ஒரு கை என்னை நோக்கி.

"என்னை மட்டும் பாரு. பின்னாடி போகாத. என்கிட்ட வா. ஓடாத, வுழுந்துருவ. நட."

நடந்தேன். ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. டேப்பைத் தாண்டியதும் அவள் என் பின்சட்டையைப் பிடித்து இன்னும் இருபது அடி இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். திரும்பி ஆட்களைத் தலை எண்ணினாள். ஒவ்வொரு தலைக்கும் உதடு அசைந்தது. பிறகு இரண்டு விசில்.

டிராக்டர் உறுமியது. கயிறு விறைத்தது. கோபுரம் முதலில் ஒன்றுமே செய்யவில்லை. பிறகு முன்கால்கள் மடங்கின. மெதுவாகத் தலை குனிந்து, பாதி வழியில் அவசரம் வந்ததுபோல் விழுந்தது. சத்தம் காதில் கேட்கும் முன் உட்கார்ந்திருந்த தரையில் தெரிந்தது. துருத்தூள் சிவப்பாக எழும்பி அடங்கியது. நான் நின்றிருந்த இடத்தில் கோபுரத்தின் தோள் கிடந்தது. என் செருப்பு அதற்கு அடியில் எங்கோ.

ஏழுமலை ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "நாப்பது டவரு சாய்ச்சிருக்கேன் சார். இதுவரைக்கும் ஒரு ஆடு உள்ள வந்ததில்ல. ஆட்டுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல."

"மேல மஞ்சளா இருந்துச்சே, எம்பொண்ணுன்னு..."

"அதுவா?" அவர் விழுந்து கிடந்த உச்சியைக் காட்டினார். அங்கே மஞ்சளில் நனைத்த ஒரு முழத்துணி முடிச்சுப் போட்டிருந்தது. "கடைசியா எறங்குற ஆளு கட்டிட்டு எறங்கணும். இவ்வளவு நாள் நின்ன டவருக்கு ஒரு மரியாதி. எங்களுக்கு ஒரு அடையாளம். துணி தெரிஞ்சா மேல யாரும் இல்லன்னு அர்த்தம். இன்னிக்குக் கட்டினது உங்க பொண்ணுதான்."

எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று சொல்லும் துணியைப் பார்த்துத்தான் நான் ஓடியிருக்கிறேன்.

எஸ்தர் ஜீப்பின் பானெட் மேல் பதிவேட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'வெளியாள் ஒருவர் நுழைந்ததால் ஆறு நிமிடம் வேலை நிறுத்தப்பட்டது.'

"இதை எழுதணுமா?"

"எழுதணும்."

"உன் மேல வருமா?"

"வரும். அந்தப் புதர்ப் பக்கமும் ஆள் நிறுத்தியிருக்கணும். என் தப்புதான்." பேனாவை என்னிடம் நீட்டினாள். "இங்க கையெழுத்துப் போடு." போட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரனின் வாழ்நாளில் இவ்வளவு கோணலான கையெழுத்து வந்ததில்லை. நான் கிளம்புகிறேன் என்றேன்.

"எங்க கெளம்புற? நாப்பத்தெட்டையும் பாத்துட்டுப் போ. இல்லன்னா தெனம் எங்கயாவது ஒரு புதர்ல ஒளிஞ்சுகினு இருப்ப. உன்னை எண்ணுறதே எனக்கு வேலையாப் போயிரும்."

விழுந்ததைக் கேஸ் கட்டர் வைத்துத் துண்டாக்கி லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். இவை உருக்காலைக்குப் போகும். காலடிக் கான்கிரீட்டைத் தரைக்குக் கீழே ஒரு மீட்டர் வரை உடைத்து மண் போட்டு மூடுவார்கள். இதெல்லாம் எனக்குப் பிடித்த பகுதி. அன்றைக்குப் பத்து வரி எழுதியிருக்க வேண்டும். ஆனால் 11.10க்கு எஸ்தர் மஞ்சள் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்பத்தெட்டில் ஏறினாள்.

டேப்புக்கு வெளியே ஒற்றைச் செருப்போடு நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. அவள் ஒவ்வொரு படிக்கும் பெல்ட்டின் ஒரு கொக்கியை மாட்டி மற்றதைக் கழற்றினாள். நான் எண்ணினேன். அறுபதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிட்டது. உச்சியில் சின்னதாகத் தெரிந்தாள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நின்றாள். அங்கே நின்று வேடிக்கை என்ன என்று கத்தத் தோன்றியது. ஆனால் அங்கிருந்து என்னவெல்லாம் தெரியும் என்று கேட்க ஆசையாகவும் இருந்தது.

துணி தெரிந்தது. அவள் தரையில் கால் வைக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். போக வர நூற்றிருபது ரூபாய்க்குள் முடியும், செருப்பு தனி. கழன்றுபோகாத ஷூவாகப் போட்டுக்கொள்ளுங்கள். கரைமேல் வழியாகவே போங்கள், கொடிக்காரரிடம் பெயரைச் சொல்லுங்கள். கோபுரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நில்லுங்கள். இரும்புக் கயிறு போகும் திசையில் நிற்கவே நிற்காதீர்கள். எல்லாம் தெரியும் என்று நினைத்தால் வீட்டிலேயே இருங்கள்.

திங்கள்கிழமை எஸ்தரை அலுவலகத்தில் கூப்பிட்டு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். வேலை போகவில்லை. வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் எனக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறாள். கோபுரம் சாய்க்கிற நாளில் மஞ்சள் துணியைக் கீழேயிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புவாள். எழுத்து எதுவும் இருக்காது. வழக்கமாகப் பதினொரு மணிக்குள் வந்துவிடும்.

இன்றைக்கு ஐம்பத்து மூன்றாம் கோபுரம். மணி பதினொன்று இருபது. கடை திறந்ததும் விண்ணப்பப் படிவம் இரண்டு நகல் கேட்டு வந்த அக்கா, "இன்னா தம்பி, ரெண்டு கேட்டா கட்டு கட்டா எடுத்துகினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருபது எடுத்திருந்தேன். மிச்சப் பதினெட்டுத் தாளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதி முடித்தேன்.

படம் இன்னும் வரவில்லை.