ஏலேக்கு ஒரு பணியாரச் சட்டி

பல வருடங்களுக்கு முன்பு, கல்யாணம் ஆகி நான் பாம்பனுக்குக் குடிவந்த முதல் சித்திரை அது. என் கணவருக்கு அங்கே ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கும் வேலை. நானோ ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வயல்காட்டுக்காரி. கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்து வளராதவள். கடல் காற்றில் துணி காய்ந்தாலும் பிசுபிசுக்கும், கேட்டை எத்தனை முறை துடைத்தாலும் துரு ஏறும். போதாக்குறைக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. எனக்குப் பேச்சுத் துணை என்றால் பக்கத்து வீட்டில் கருவாடு விற்கும் அக்கா ஒருத்தர்தான்.

அந்த நாள்களில்தான் அவன் எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றான். செம்பட்டை நிறத்தில், ஒரு காது கிழிந்த நாய். விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. படகு கரைக்கு வரும்போது கழித்துப் போடுகிற மீனைத் தின்று வயிறு வளர்க்கிற கூட்டத்தில் ஒருவன். படகு நின்றதும் அவன் பிழைப்பும் நின்றுவிட்டது. நான் பெயர் யோசிப்பதற்குள் என் கணவர், "ஏலே, இங்கன வா" என்றார். உடனே வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டான். அதுவே பெயராகிவிட்டது. அப்புறம் நான் கொல்லையில் நின்று கூப்பிடும்போதெல்லாம் தெருவில் போகிற ஆம்பளைகள் திரும்பிப் பார்த்ததும், நான் உள்ளே ஓடி ஒளிந்ததும் தனிக்கதை.

ஏலே சாப்பிடுவதைச் சாப்பாடு என்றே சொல்ல முடியாது. சோறு தட்டில் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் தட்டு காலி. மெல்லுவதே கிடையாது. புரையேறி இருமுவான், கக்குவான், கக்கியதையும் திரும்ப விழுங்குவான். எங்கள் ஊரில் ஒருத்தர் வேகமாகச் சாப்பிட்டால் பசி என்று அர்த்தம். அவர் போதும் என்று கையை மறிக்கிறவரைக்கும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சம்சாரி வீட்டுக்கு மரியாதை இல்லை. நாய் எங்கே கையை மறிக்கும்? தட்டு காலியாக ஆக நானும் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் என் அண்ணன் ஊரிலிருந்து அரிசி மூட்டையோடு வந்திருந்தார். விருந்துச் சமையல் செய்தேன். அவர் மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பியதும், மிஞ்சிய சோற்றையெல்லாம் குழம்பு ஊற்றிப் பிசைந்து ஏலேக்கு வைத்தேன். அத்தனையும் உள்ளே போனது. மேற்கொண்டு தண்ணீரையும் நிறையக் குடித்தான். கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொண்டது. வாந்தி எடுக்கப் பார்க்கிறான், எச்சிலைத் தவிர எதுவும் வரவில்லை. நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் என்னையே பார்த்தான். அழுதுகொண்டே உள்ளே ஓடி என் கணவரைக் கூப்பிட்டேன்.

"நாய்க்கா இம்புட்டு அழுகை?" என்று ஆரம்பித்த என் கணவர், அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். அண்ணன் கொண்டுவந்த அரிசியை அண்டாவில் கொட்டிவிட்டு, அந்தச் சாக்கிலேயே அவனைச் சுற்றித் தூக்கினார். அக்காவின் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவை எடுத்தார். பாலத்தில் காற்று எங்களையே புரட்டிவிடும்போல் அடித்தது. ராமநாதபுரம் மாட்டாஸ்பத்திரி வரும்வரை ஏலேயின் தலை என் கணவர் மடியில்தான் இருந்தது.

டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுக் காற்றை இறக்கினார். அந்த வயிறு இறங்க இறங்கத்தான் எனக்கு மூச்சு வந்தது.

"பசிக்குதேன்னு அள்ளிப் போடாதீங்கம்மா. கொஞ்சங் கொஞ்சமா வைங்க. மெதுவாத் திங்கிறதுக்கு ஏதாவது வழி பண்ணுங்க. இன்னொரு தடவை இப்புடி ஆச்சுன்னா, இங்க கொண்டு வாரதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அதே கவலை. கொஞ்சமாக வைத்தால் அதை ஒரே வாயில் முடித்தான். அக்கா சொன்னபடி தட்டின் நடுவில் ஒரு கல்லை வைத்தேன். கல்லைக் கவ்விக் கீழே போட்டுவிட்டுத் தின்றான். தாம்பாளத்தில் பரப்பி வைத்தேன். நக்கிக்கொண்டே தாம்பாளத்தை வேலி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். ஒவ்வொரு வேளையும் அவன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிட உட்காருவேன்.

வழி கிடைத்தது என் பணியாரச் சட்டியில். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த இரும்புச் சட்டி, நல்ல கனம். ஒரு காலையில் பணியாரம் சுட்டு முடித்து, கழுவலாம் என்று கொல்லையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் ஏலே ஒவ்வொரு குழிக்குள்ளும் நாக்கைச் சுழற்றிச் சுழற்றி, ஒட்டியிருந்த மாவை நக்கிக்கொண்டிருக்கிறான். என்ன அவசரப்பட்டாலும் வாய் உள்ளே போகவில்லை. சட்டியும் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த வேளையே குழிக்கு ஒரு கவளமாகச் சோற்றை அழுத்தி வைத்தேன்.

"சட்டிய அவனுக்குக் குடுத்துட்டா நான் பணியாரத்துக்கு எங்கன போறது?" என்றார் என் கணவர்.

"நீங்க தோசை திங்கலாம்ல" என்றேன்.

வேகம் குறைந்தது. ஆனால் அவன் பதற்றம் குறையவில்லை. ஒரு குழியை நக்கும்போதே கண் மற்ற குழிகளைக் காவல் காத்தது. காக்காய் நிழல் விழுந்தால் போதும், உடம்பு நடுங்கும், மறுபடி பாய்ந்து பாய்ந்து தின்பான். அக்காவிடம் சொன்னேன்.

"அங்கன கரையில வாயில போட்டதுதான் சொந்தம் தங்கச்சி. கீழ கெடக்குறது காக்காவுக்கு, பருந்துக்கு, பெரிய நாய்க்கு. இவனுக்கு வேற என்ன தெரியும்?" என்றார், கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

பசியில் தின்கிறான் என்றுதானே நினைத்தேன், பயத்தில் தின்கிறான் என்று தோன்றவே இல்லையே. அன்றிலிருந்து ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, அவன் முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து காக்காய் விரட்டினேன். சும்மா உட்கார வாய் விடுமா? எங்கள் ஊர்க் கண்மாய், அம்மாவின் ஞாபகம் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினேன். எனக்கு வேலை இருந்தால் என் கணவர் உட்காருவார். கேட்டால், காற்றுக்கு உட்கார்ந்தேன் என்பார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயின. கரையில் மறுபடி மீன், கூட்டம், கூச்சல். முதல் படகு வந்த அன்று விடியற்காலையே ஏலே ஓடிவிட்டான். இனி எதற்கு வரப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே, சாயங்காலம் பழக்கதோஷத்தில் சட்டியை நிரப்பி வைத்தேன். வந்தான். மேலெல்லாம் மீன் கவிச்சி. நிதானமாகக் குழி குழியாக நக்கினான். கடைசிக் குழிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, என் காலடியில் வந்து படுத்துக்கொண்டான். ஒரு காக்காய் இறங்கி அந்தக் கவளத்தைக் கொத்தியது. குச்சியை எடுத்தேன். ஏலே தலையைத் தூக்கிக் காக்காயைப் பார்த்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டான். நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டு அழுதேன். வாசற்படியில் நின்ற என் கணவர், "திங்கட்டும் விடு, அதுவும் பசிச்சுத்தான வந்திருக்கு" என்றார்.

ஏலே எங்களோடு பல வருடம் இருந்தான். ஆர்.எஸ்.மங்கலத்துக்கே நாங்கள் திரும்பி வந்தபோது கூடவே வந்து, கண்மாய்க்கரையில் கொக்கு விரட்டி, வயதாகித்தான் போனான். பணியாரத்துக்கு வேறு சட்டி வாங்கிவிட்டோம். பழையது அடுக்களையில் தொங்குகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் பாம்பன் காற்று அடிக்கிற மாதிரி இருக்கிறது. இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது அவசர அவசரமாகச் சாப்பிட்டால், நான் கரண்டியை எடுப்பதில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.