ஒரு நட்டுக்காக நின்ற நாள்

எங்கள் அண்ணன் மறைந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்று சாமி கும்பிட வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கொல்லிமலை வாழவந்தி நாட்டில், மிளகும் மரவள்ளியும் போட்ட குடும்பத்தில் பிறந்தார். படித்து முடித்து, வெளியூரில் ஒரு தனியார் ராக்கெட் கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தார். நல்ல சம்பளம். திடீரென்று அதை விட்டுவிட்டு, நம் பக்கத்திலேயே சொந்தமாக ராக்கெட் கம்பெனி தொடங்கப்போவதாக வந்து நின்றார்.

அப்பா பதறிப்போனார். "ஏஞ்சாமி, கெடச்ச வேலைய உட்டுப்போட்டு வாணம் உடப் போறியா?" என்றார்.

"வாணந்தானுங்கப்பா. கொஞ்சம் பெரிய வாணம்" என்று சிரித்தார் அண்ணன். அவரோடு சண்டை போடவே முடியாது.

பேளுக்குறிச்சிப் பக்கம் ஒரு கொட்டகையில் ஆறு பேரோடு ஆரம்பித்தார். எஞ்சினைக் கட்டிவைத்து எரித்துப் பார்ப்பதற்கு முதல் நாள், சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் அவரே போவார். "நாளைக்குச் சத்தம் வருமுங்க, மாட்ட அவுத்துத் தூரமா கட்டிக்குங்க" என்று சொல்லி, அங்கேயே டீயும் குடித்துவிட்டு வருவார். வீட்டுச் சோற்றுக்கு மட்டும் நேரம் இருக்காது. அண்ணியும் நானும் திட்டித் தீர்ப்போம்.

கம்பெனியில் ஒரு சட்டம் வைத்திருந்தார். யாருக்கு எதில் சந்தேகம் வந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்லலாம். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவரும் கோபிக்கக் கூடாது.

எட்டு வருஷம் பாடுபட்டு முதல் ராக்கெட் தயாரானபோது அண்ணனுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ராக்கெட் பறப்பதைப் பார்த்துவிட்டால் போதும் என்றார் அண்ணன். நாங்களும் அதையேதான் வேண்டிக்கொண்டோம். காரில் படுக்கவைத்து, ராக்கெட் ஏவும் கடற்கரைக்கு அழைத்துப் போனோம்.

ஏவுவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது செல்வி அக்கா அண்ணனிடம் வந்தார். எங்கள் கொல்லிமலையிலேயே எடப்புளி நாட்டுக்காரர்; லாரிப் பட்டறையில் தொழில் பழகியவர். எரிபொருள் குழாய்களின் நட்டுகளை முடுக்கி, முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் மேலும் பெயின்டால் ஒரு கோடு போடுவது அவர் பொறுப்பு.

"ஏனுங்க, ஒரு நட்டுக்குக் கோடு போட்டனான்னு நெனப்பு வரமாட்டேங்குதுங்க" என்றார்.

"அப்ப நிறுத்திப்போடலாங்க" என்றார் அண்ணன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மூடியைத் திறந்து பார்த்தால் கோடு இருந்தது. நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. அதற்குள் ஏவுதளத்தார் எங்களுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. இனி ஒரு மாதம் கழித்துத்தான் என்றார்கள். அண்ணனுக்கு அவ்வளவு நாள் இல்லை. எல்லார் முன்னாலும் செல்வி அக்காவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

திரும்பும்போது காரில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் சாவப் போறேன்னு தெரிஞ்சும் வந்து சொன்னாங்க பாரு, கண்ணு. எனக்கு அது போதும்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். அடுத்த மாதம் ராக்கெட் நல்லபடியாகப் பறந்தது. அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், கூட உழைத்தவர்கள், துக்க வீட்டுக்குச் சோறாக்கிக் கொண்டுவந்த அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

செல்வி அக்கா, கருமாதி அன்று நீங்கள் ரோட்டோரமாகவே நின்றுவிட்டுப் போனதைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. சொந்தத்தில் சிலர் இன்னும் உங்களைக் குறை சொல்கிறார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவள் நான்தான். அண்ணன் காரில் சொன்னதை ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததும் நான்தான். தப்பு என்னுடையது. இன்று முதல் பந்தியில் அண்ணிக்குப் பக்கத்து இலை உங்களுக்கு. நானே பரிமாறுகிறேன்.