சக்கரம் செருப்பு ஆகாது

கோவில் என்றாலே எனக்குச் செருப்புகள்தான் ஞாபகம் வரும். சென்னையில் எந்தக் கோவிலுக்குப் போனாலும் வீட்டார் எல்லோரும் என் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். தெருவில் உருண்ட சக்கரமும் செருப்பும் ஒன்று, உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு சாக்கு. நான் வெளியே காவல். திரும்பி வந்து என் நெற்றியில் திருநீறு பூசி, "புண்ணியம் உனக்கும் உண்டு" என்பார்கள். அந்தப் புண்ணியத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போடுங்கள் என்று சொல்ல வாய்வரை வரும். சொன்னதில்லை.

2006-ல் அமெரிக்காவில், சான் ஹோசேயில் இருந்தோம். நான் வேலை பார்த்த ஆபீசில் ராம்ப் இருந்தது, லிஃப்ட் இருந்தது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் கையில் இருக்கும் காரை நானே ஓட்டிக்கொண்டு போவேன். ஆனால் சனிக்கிழமை நம்மவர்கள் வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக்கில் அதெல்லாம் செல்லாது. பரிமாறும் ஆன்ட்டி என் தலைக்கு மேலாக என் கணவரிடம் கேட்பார்: "அவங்களுக்குத் தயிர் வேணுமா?" போலியோ வந்தது காலுக்கு. வாய்க்கா வந்தது?

அந்த டிசம்பரில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஊருக்குப் போகும் வழியில் தாய்லாந்தில் இறங்கி, அயுத்தயாவின் பழைய புத்தர் கோவில்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கே முன்பே போய்வந்த ஓர் அங்கிள் தன் வீட்டு ஹாலில் எங்களை உட்காரவைத்து வகுப்பே எடுத்தார். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். குழந்தையானாலும் தலையைத் தொடக்கூடாது. புத்தர் பக்கம் காலை நீட்டக்கூடாது. பெண்கள் பிட்சுவின் கையில் எதையும் நேராகக் கொடுக்கக்கூடாது. எல்லாம் சரிதான். இப்படி மரியாதையில் கரைகண்டவர், அடுத்து என் கணவரைப் பார்த்துச் சொன்னார்:

"வீல்சேர் செருப்பு மாதிரிதான்ப்பா. டெம்பிளுக்குள்ள அலவ் பண்ண மாட்டாங்க. அவங்க ஹோட்டல்ல ரெஸ்ட் எடுக்கட்டும்."

"யாரைக் கேட்டீங்க அங்கிள்?" என்றேன்.

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? நம்ம ஊர்ல பாக்காததா?"

என் கணவர் என் தோளைத் தட்டினார். "அவ அட்ஜஸ்ட் பண்ணிப்பா அங்கிள்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து, அங்கே எங்களைக் கூட்டிப்போக இருந்த தாய்லாந்து வழிகாட்டிப் பெண் ஃபோன் செய்தாள். அங்கிள் ஸ்பீக்கரில் போட்டார். வீல்சேரில் வருபவரிடம் பேசவேண்டும் என்றாள். எதுவானாலும் தன்னிடமே சொல்லலாம் என்றார் அங்கிள். "அவரால் எத்தனை படி ஏற முடியும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டாள் அவள்.

நான் உருட்டிக்கொண்டு போய் ஃபோனைப் பிடுங்கினேன்.

கொஞ்ச நேரம் நிற்க முடியுமா, நாற்காலி மடியுமா, எவ்வளவு அகலம், தூக்கவேண்டி வந்தால் சம்மதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இடிந்த கோபுரங்களின் படி செங்குத்து, அங்கே எனக்கு வழியில்லை என்பதையும் மறைக்கவில்லை. படுத்திருக்கும் பெரிய புத்தர் திறந்தவெளியில்தான் இருக்கிறார், செங்கல் தரை மேடுபள்ளமானாலும் பக்கத்திலேயே போய்விடலாம் என்றாள். சக்கரத்தைப் பற்றிக் கேட்டேன். பூஜை நடக்கும் கோவில் என்றால் வாசலில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போவேன் என்றாள்.

ஈரத்துணி! இத்தனை வருடம் என்னை வாசலில் உட்காரவைத்தவர்கள் வீட்டில் ஒரு கந்தல்கூடவா இல்லாமல் போயிற்று?

கடைசியாக, மற்றவர்கள் கோபுரம் ஏறப் போகும்போது என் கணவர் அவர்களோடு போவாரா, என்னோடு வருவாரா என்று கேட்டாள். அவருக்காக நான் பதில் சொல்லவில்லை. ஃபோனை அவரிடம் நீட்டினேன்.

அவர் அங்கிளின் முகத்தைப் பார்த்தார்.

நான் ஃபோனைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொண்டேன். நான் தனியாகத்தான் வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.