நான் டீச்சராக இருந்தபோது

ஆறு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. சம்பளம் கிடையாது. ஆனால் கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் அடையாள அட்டை உண்டு, அதட்டுவதற்குப் பன்னிரண்டு பிள்ளைகள் உண்டு. இவ்வளவு அதிகாரம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

தூத்துக்குடியில் இறால் உரிக்கும் கம்பெனி ஒன்றில் அம்மா வேலை பார்த்தாள். அங்கே உரித்த இறால் பனிக்கட்டியாக உறைந்து, கன்டெய்னரில் ஏறி, துறைமுகம் வழியாக எங்கள் யாருக்கும் பெயர் சொல்ல வராத ஊர்களுக்குப் போகும். வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதற்காகவே கேட்டுக்குப் பக்கத்தில் 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது. சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருப்பார்கள். வேலைக்கு வருகிற பெண்களின் பிள்ளைகள் அங்கேதான் கிடக்கும். முழுப் பரீட்சை லீவில் நானும் கிடந்தேன்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனி வைத்திருந்த ஒரே ஆள் என் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. கல்யாணம் ஆகாதவள். பிளஸ் டூ முடித்துவிட்டு, பிள்ளைகளோடு இருக்கிற வேலைதான் வேண்டும் என்று அடம்பிடித்து இதில் சேர்ந்திருந்தாள். கைக்கு ஐந்தாகப் பத்துப் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருப்பாள். அழுகிற பிள்ளை எதுவாக இருந்தாலும் அதன் காதோரம் வளையலைக் குலுக்குவாள்; அழுகை நின்றுவிடும்.

இறால் கொட்டகைக்குள் மட்டும் வளையலுக்கு அனுமதி இல்லை. கண்ணாடிச் சில்லு ஒன்று இறாலோடு சேர்ந்து போனால் கன்டெய்னரே கடல் தாண்டித் திரும்பி வந்துவிடுமாம். அதனால் வளையல், பூ, சங்கிலி, கழுத்து அட்டை எல்லாம் வாசலோடு சரி. எங்கள் தெருவில் ஒருத்தி காலையில் வெறுங்கையோடு நடந்தால், "என்னளா, கம்பெனிக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

லோடு அதிகமாக வருகிற நாட்களில் சூப்பர்வைசர் காப்பக வாசலில் வந்து நிற்பார். "ஏம்மா, சும்மாதான இருக்க? ரெண்டு மணி நேரம் வந்து உரி. சரக்கு கெட்டுப்போவுது." சும்மாதான் இருந்தாள், பன்னிரண்டு பிள்ளைகளோடு. சித்தி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கைகளில் போடுவாள். அவை முழங்கைக்கு மேலே போய் நிற்கும். அட்டையையும் கழற்றி என் கழுத்தில் மாட்டுவாள். "நான் வார வரைக்கும் நீதான் டீச்சர். மொட்டையை மட்டும் கண்ணு வச்சுக்கோ. அவன் ஒரு எடத்துல இருக்க மாட்டான்." மொட்டை என்பது இரண்டு வயதுப் பையன், மொட்டையடித்த தலையோடு இருந்தவன்.

கொட்டகையில் உரிக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு டோக்கன் எண் உண்டு. உரித்ததை அந்த எண் எழுதிய தட்டில்தான் போட வேண்டும். சித்தி காப்பகக்காரி, அவளுக்கு எண் இல்லை. அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று உரித்து அம்மாவின் தட்டில் போடுவாள். ஒருத்தி தட்டில் இன்னொருத்தி கை வைத்தால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள் என்பது அங்கே சட்டம். சூப்பர்வைசரே கூப்பிட்டு வந்த நாட்களில் அந்தச் சட்டத்துக்குக் கண் தெரியாது.

அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் உற்சாகமாக டீச்சர் வேலையைத் தொடங்கினேன். எல்லோரையும் வாயில் விரல் வைத்து உட்காரச் சொன்னேன். ஒருத்தி வைக்க மாட்டேன் என்றாள். அவளுக்கு நீதி வழங்குவதில் நான் மும்முரமாக இருந்தபோது மொட்டை கதவிடுக்கு வழியாக வெளியே போய்விட்டான். ஐஸ் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பின்பக்கமாக வந்துகொண்டிருந்த லாரியின் டிரைவர் பார்த்துப் பிரேக் போட்டார். பிள்ளை பயந்து ஓடி இரும்புக் கம்பியில் மோதி விழுந்தான். நெற்றியில் மூன்று தையல். அவ்வளவோடு போயிற்று.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் சித்தி. தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ரப்பர் உறை, காலில் பூட்ஸ். உறையெல்லாம் இறால் ஓடு. அந்தக் கோலத்தில் பிள்ளையை வாரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள். கம்பெனியே அதைப் பார்த்தது. பார்த்ததாகப் பிறகு ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் தப்பு செய்த ஆள் ஒன்று வேண்டும். ஆபீஸ் அறையில் விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். முதல் முறையாக ஏசி காற்றில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட சார் ஒருவர் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

"அன்னைக்கு உங்களையெல்லாம் யாரும்மா பார்த்துக்கிட்டது?"

"நான்தான் சார்."

"சித்தி இல்லையா?"

"இல்ல சார். அட்டையை எனக்கு மாட்டிவிட்டுட்டுப் போயிட்டாவ. நான்தான் டீச்சர்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு இன்னும் நிறையச் சொல்ல இருந்தது; வளையலைப் பற்றிச் சொல்ல இருந்தது; பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கையைத் தூக்கினேன். "போதும்மா, நல்ல பிள்ளை" என்றார் சார். சித்தி எங்கே போனாள் என்று அவர் கேட்கவே இல்லை. அன்றைக்கே என் கழுத்திலிருந்து வாங்கி வைத்திருந்த அட்டை மேஜை மேல் கிடந்தது; அதைக் காட்டி, இதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.

வேலை நேரத்தில் குழந்தைகளை விட்டு அகன்றது, அடையாள அட்டையைப் பிறரிடம் ஒப்படைத்தது. இந்த இரண்டு குற்றத்துக்காகச் சித்தியை வேலையை விட்டு நீக்கினார்கள். பிறர் என்றால் நான். இப்போது நான் திருநெல்வேலியில் சட்டம் படிக்கிறேன். உள் விசாரணை என்ற பாடம் வந்த அன்று வகுப்பில் எழுந்து, ஆறு வயதுப் பிள்ளையின் வாக்குமூலம் செல்லுமா என்று கேட்டேன். எந்த வழக்கில் அப்படி வந்தது என்று பேராசிரியர் திருப்பிக் கேட்டார். சும்மா சார் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

சித்தி சும்மா உட்காரவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். துறைமுகத்தில் யூனியன் வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் துணைக்கு வந்தார். "உன்னை உரிக்கக் கூப்பிட்டாங்கன்னு உள்ள நின்ன ஒருத்தி சொன்னாப் போதும் தாயி. ஒரே ஒருத்தி" என்றார். சித்தி அன்றைக்குக் கூட நின்று உரித்த பெண்கள் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் நடந்தாள். ஒருத்திக்குத் தலைவலி. ஒருத்தி ஊரில் இல்லை. அவள் செருப்பு மட்டும் வாசலில் இருந்தது.

தொழிலாளர் அலுவலக விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

"எக்கா, நீ வர வேண்டாம். புள்ளைய மட்டும் அனுப்பு. அவிய கேட்டதுக்குச் சொன்ன புள்ள, நம்ம கேட்டாலும் சொல்லும்லா? வளையலைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கட்டும். நான் எதுக்கு அதைக் கழட்டுனேன்னு இந்த ஊருல யாருக்குத் தெரியாது?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வளையலைக் கழட்டுனா நீ உரிக்கப் போனன்னு ஆவும். உரிச்சது எந்தத் தட்டுலன்னு அடுத்தாப்ல கேப்பாவ. அப்ப நான் எங்களா போவேன்?"

"நான் எங்க போவேன்னு நீ ஒரு நாளாவது கேட்டியாக்கா?"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. மொட்டை விழுந்த அன்றைய அமளியில் என் கையிலேயே தங்கிவிட்ட வளையல்களைப் பவுடர் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். ஓடிப்போய்ப் பத்தையும் மாட்டிக்கொண்டு குலுக்கியபடி வந்து நின்றேன். "நான் வாரேன் சித்தி! நான் எல்லாத்தையும் சொல்லுதேன்!"

சித்தி சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்தாள். அடிப்பாளோ என்று பயந்தேன், அடிக்கவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் தன் கையில் செய்வதுபோலவே, ஒன்றுகூட உடையாமல், என் தோலில் கீறல் படாமல், பத்து வளையலையும் கழற்றினாள். எழுந்து பின்வாசலுக்குப் போய் ஓடையில் வீசினாள். உப்பளத்துக்குப் போகிற கறுப்புத் தண்ணீர். சத்தம்கூடக் கேட்கவில்லை.

சித்தி தடுக்கவில்லை. மிச்ச டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் கம்பெனி என் வாக்குமூலத்தைக் காட்டியது. சித்தியிடம் காட்ட ஒன்றுமில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்று அண்ணாச்சி சொன்னார், அவள் போகவில்லை. அம்மா அன்றைக்கும் ஷிப்டுக்குப் போனாள், வெறுங்கையோடு. அந்தச் சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன், படித்தேன். பிள்ளையைத் தொலைத்தவள் என்ற பெயரோடு சித்திக்கு ஊரில் எந்தக் காப்பகத்திலும் வேலை கிடைக்கவில்லை. உப்பளத்தில் சேர்ந்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். விசேஷ வீடுகளில் யாராவது கைக்குழந்தையை நீட்டினால், கையெல்லாம் உப்பு என்று சொல்லிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். குளித்துப் பட்டுச்சேலை கட்டி வந்திருக்கும்போதும் அதையேதான் சொல்வாள்.

அன்றைக்கு எனக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான்: அம்மாவுக்குப் பச்சை வளையல் பிடிக்காது. அந்த வருஷம் கோயில் திருவிழாவில் வளையல் கடை முன்னால் நின்று, என்ன நிறம் வேண்டும் என்று அம்மா கேட்டாள். நல்ல பிள்ளையாக, அவள் மனசு கோணாதபடி, "பச்சை வேண்டாம்மா, சிவப்பு" என்றேன்.

பாராட்டுவாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பி நின்றாள்.