யாரும் தடுக்கவில்லை

எதெல்வினாவை வேலையை விட்டு நீக்கியபோது அவள் கையில் பாதி அறுத்த கானாங்கெளுத்தி இருந்தது. மேஸ்திரி ஒபாந்தோ எங்கள் மேசைக்கு வந்து, "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்," என்றான். ஏன் என்று கேட்டாள். "மேலிடத்து உத்தரவு," என்றான். கடிதமும் இல்லை, காரணமும் இல்லை. அவள் அந்த மீனை முழுசாகச் சுத்தம் செய்து தட்டில் போட்டுவிட்டு, கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

காரணம் எங்களுக்கா தெரியாது? முந்தின வாரம்தான் சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு அவள் பெயர் கொடுத்திருந்தாள். எங்கள் ஊர் சிம்போத்தேயின் கடற்கரை முழுக்க மீன் டின் கம்பெனிகள்தான். எங்கள் கம்பெனியில் மட்டும் சங்கம் என்ற சொல்லை யாரும் உரக்கச் சொல்ல மாட்டோம். இவள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

இத்தனைக்கும் எதெல்வினா சண்டைக்காரி இல்லை. சண்டைக்காரி நான். லுஸ்மிலா வாயைத் திறந்தால் கடல்காக்கை கூடப் பறந்துவிடும் என்று என்னைக் கேலி செய்வார்கள். எதெல்வினா மலையிலிருந்து வீட்டு வேலைக்கென்று இறங்கி வந்தவள். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, அங்கே மிச்சச் சோறுதான் கிடைக்கும் என்று தெரிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டவள். மணல்மேட்டில் ஒவ்வொரு செங்கல்லாக வாங்கி வீடு கட்டினாள். ஒரு விஷயத்தைப் பிடித்தால் விட மாட்டாள், அவ்வளவுதான் அவள் குணம். மீனவர்களின் புனிதர் சான் பேத்ரோ திருவிழாவில் மட்டும் கால் வீங்கும்வரை ஆடுவாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். ஆட்டோ ஓட்டும் அவள் புருஷன் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது சொல்லு. கம்பெனி ஆள் வந்தான். நஷ்டஈடு வாங்கிக்கிட்டு விலகிடுன்னு சொல்றான். வாங்கி ஒரு கடை போடலாம்ல?"

எதெல்வினா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கு என் மேசைதான் வேணும். இந்த வயசுல வேற எந்தக் கம்பெனி சேர்த்துக்கும்? இவங்க ஒரு போன் போட்டா எல்லாக் கேட்டும் மூடிக்கும்."

மறுநாள் தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தரும் அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். வக்கீல் மிலுஸ்கா சின்னப் பெண்தான்; ஆனால் எங்கள் ஊரில் வக்கீல் என்றால் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, நஷ்டஈடு வாங்கிக்கிட்டு விலகறது. இன்னொண்ணு, நீக்கினதே செல்லாதுன்னு வழக்குப் போட்டு வேலையைத் திரும்பக் கேக்கறது. சங்கத்துல நின்னதுக்காக நீக்கியிருந்தா அது செல்லாது. ஆனா ரெண்டுல ஒண்ணுதான். நஷ்டஈட்டைக் கையால தொட்டீங்கன்னா வேலையை மறந்துட வேண்டியதுதான். ஒரு மாசத்துக்குள்ள வழக்குப் போட்டுடணும்."

"வேலைதான் டாக்டர் வேணும்," என்றாள் எதெல்வினா.

"அப்ப ஒரு சிக்கல் இருக்கு. அவங்க வாயாலதான் சொல்லியிருக்காங்க. நீங்க வீட்டுல உக்காந்துட்டா, 'நாங்க நீக்கவே இல்ல, அவங்களா வேலையை விட்டுட்டாங்க'ன்னு கதையை மாத்துவாங்க. அதனால நாளைக்கு வேலை நேரத்துக்கு யூனிஃபார்மோட கேட்டுக்குப் போங்க. போலீஸைக் கூட்டிட்டுப் போங்க. உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவுன்னு கேட் காவல்காரர் சொல்றதைப் போலீஸ் எழுதிக்கட்டும்."

வேலைக்குப் போகப் போவதே தடுக்கப்படுவதற்காகத்தான். இது என்ன கூத்து என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எதெல்வினா சிரிக்கவில்லை. கேட்டில் நிற்பவர் ஃபவுஸ்தோ. அவளுடைய சின்ன மகளுக்கு ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன்.

காலையில் பனிமூட்டம். கேட்டுக்கு எதிரே சூடான மூலிகைக் கஷாயம் விற்கும் வண்டிக்காரியைச் சுற்றி நாங்கள் கும்பலாக நின்றோம். எதெல்வினா வெள்ளை உடுப்பும் ரப்பர் பூட்ஸுமாக வந்தாள், பக்கத்தில் போலீஸ்காரர். அவர் தன்மையாகவே கேட்டார்: "இந்தம்மாவ உள்ள விடக்கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவு இருக்கா?"

ஃபவுஸ்தோ அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அப்படியெல்லாம் இல்லீங்க சார். யாரும் தடுக்கல. அவங்களாதான் வர்றதில்ல."

அட பாவி மனுஷா என்று பல்லைக் கடித்தேன். ஒபாந்தோ முன்கூட்டியே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். எதெல்வினாவின் முகம் வெளுத்துவிட்டது. வேலை போயே போச்சு என்றுதான் நினைத்தேன். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"யாரும் தடுக்கலையாண்ணே?"

"இல்லம்மா."

"அப்பச் சரி. வேலைக்கு நேரமாச்சு. கேட்டைத் திறங்க."

மனுஷன் திருதிருவென்று முழித்தார். மூடி வைத்தால் தடுத்ததாக ஆகிவிடும். போலீஸ்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் தாழ்ப்பாளை இழுத்தார். எதெல்வினா உள்ளே போனாள். போலீஸ்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே போனார். நாங்கள் கஷாயத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினோம்.

அவள் தன் இடத்தில் நின்று, தலைத்துணியைக் கட்டி, ஒரு மீனை எடுத்து அறுக்க ஆரம்பித்தாள். ஒபாந்தோ மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"எவன்டி உன்னை உள்ள விட்டது? உன்னைத்தான் வேலையை விட்டுத் தூக்கியாச்சே. கேட்டுலயே நிறுத்தச் சொல்லி நானே உத்தரவு போட்டிருக்கேன், என்ன தைரியம் உனக்கு?"

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. "பேர் சொல்லுங்க," என்றார் போலீஸ்காரர்.

"யார் பேரு?"

"உத்தரவு போட்டவர் பேரு."

ஒபாந்தோ வெந்த இறால் நிறத்துக்கு வந்தான். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது, நானாகத்தான் இருக்கும். எதெல்வினாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அப்படி அனுப்பியதையும் போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் நான் அவள் வீட்டில் இருந்தபோது கதவைத் தட்டியது யார் தெரியுமா? ஃபவுஸ்தோ. கேட்டைத் திறந்துவிட்ட குற்றத்துக்காக அவரையும் தூக்கிவிட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இங்க வந்தீங்க?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"நீ சும்மா இருடி," என்றாள் எதெல்வினா. அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அவளுக்கும் கோபம் இருந்தது. டம்ளரை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. பிறகு கேட்டாள்: "எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"நஷ்டஈடுன்னு ஏதாவது வாங்குனீங்களா?"

"இல்ல. வாயால சொல்லித் துரத்திட்டாங்க."

"நல்லது. போய் யூனிஃபார்மைப் போட்டுட்டு வாங்க. கேட்டுக்குப் போகணும்."

"நான் காவல் நின்ன கேட்டுக்கா?"

"அதே கேட்டுக்குத்தான்."

இவளுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று நினைத்தேன். அந்த ஆள் செய்ததற்கு நானாக இருந்தால் காப்பியைத் தலையில் ஊற்றியிருப்பேன். ஆனால் அவருக்காகப் போலீஸைக் கூப்பிட்டதும் அவள்தான், டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவள்தான்.

அவளுடைய வழக்கு விசாரணைக்கு வந்தபோது, ஃபவுஸ்தோ யாரும் கெஞ்சாமலே சாட்சி சொல்ல வந்தார். நீதிபதியம்மா கேட்டதும் எழுந்து நின்றார். "தடுக்கச் சொன்னாங்க. போலீஸ் வந்தா தடுக்கலைன்னு சொல்லவும் சொன்னாங்க. வேலை போயிடும்னு பயந்து நான் பொய் சொன்னேன் அம்மா." வேலையிலிருந்து நீக்கிய கோபத்தில் பேசுகிறார் என்று கம்பெனி வக்கீல் குதித்தார். ஆனால் ஒபாந்தோ வாயிலிருந்து வந்ததாகப் போலீஸ்காரர் எழுதியிருந்ததும் அதையேதான் சொன்னது. நீக்கியது செல்லாது, வேலையைத் திரும்பக் கொடு என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தக் காலம் முழுக்க எதெல்வினா பஸ் நிலையத்தில் வறுத்த மீனும் ரொட்டியும் விற்றாள். கடைசியில் அங்கேயும் அவளே ஜெயித்தாள்.

திரும்பி வந்த நாளில் நான் நகர்ந்து இடம் விட்டேன். சந்தோஷத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அதற்கும் கேலி செய்தார்கள். அந்த வாரமே அவள் ஒரு விடுப்புச் சீட்டோடு ஒபாந்தோ முன்னால் போய் நின்றாள்.

"வந்ததும் வராததுமா எதுக்கு லீவு?" என்று கேட்டான்.

"கோர்ட்டுக்குப் போகணும். ஃபவுஸ்தோ அண்ணன் வழக்கு. நான் சாட்சி."

ஒபாந்தோ எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தான். யாரும் தலையைக் குனியவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.