சுஹைரா ஏறிய படிகள்

கிண்ணியாவில் சுஹைராவின் தையலுக்குப் பெயர் உண்டு. அவளுடைய வாய்க்கும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் ஷெல் துண்டு முதுகில் பாய்ந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கையால் சுழற்றும் மூன்று சில்லு வண்டியில் ஊரெல்லாம் போய் வருவாள். காணி அலுவலாகப் போக வேண்டிய அரசாங்கக் கந்தோர் மட்டும் மேல்மாடியில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் யாராவது இறங்கி வந்து, வாசல் வெயிலில் வைத்தே கதைத்து அனுப்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகள் சங்கம் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே இல்லை.

சங்கத்தோடு சுஹைரா போன கொழும்புக் கூட்டமொன்றில் நேபாளப் பெண்ணொருத்தி பேசினாள். 1990இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துப் படிகளில் சக்கர நாற்காலிக்காரர்கள் ஊர்ந்தே ஏறினார்களாம். அவர்களுக்கு வழிகாட்டியவர்கள், பஸ்ஸில் சரிசமமாக இருக்கப் போராடிய கறுப்பின மக்கள். அந்த மக்களுக்கோ, உப்பு அள்ளக் கடற்கரைக்கு நடந்த இந்தியர்கள்.

சுஹைரா ஒன்றுதான் கேட்டாள்: "ஏறின பொம்பிளையள் என்ன உடுப்பு உடுத்திருந்தாங்க?"

மண்டபம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உடல் மறைக்கும் அபாயா உடுத்தவள் நாலு பேர் பார்க்க எப்படி ஏறுவது என்ற யோசனை அப்போதே தொடங்கிவிட்டது.

ஊருக்கு வந்ததும், அபாயாவுக்குள் உடுக்க, உள்ளே பஞ்சு வைத்துத் தடித்த காற்சட்டையொன்று தைத்தாள். உணர்வில்லாத உடம்பு உரசிப் புண்ணானாலும் தெரியாதே.

சங்கத்தில் அவள் படியேறும் யோசனையைச் சொன்னபோது முதலில் மறுத்தவர் இறக்கக்கண்டியைச் சேர்ந்த தம்பிராசா, மிதிவெடியில் கால் இழந்த மீனவர். சனம் பிச்சைக்காரர் என்று நினைக்கும், மானம் போய்விடும் என்றார்.

"வாசல்ல காத்துக் கிடக்கிறதில மட்டும் மானம் இரிக்கா, அண்ணன்?"

குறித்த நாளில் கந்தோர் வாசலுக்கு அவர்தான் எல்லோருக்கும் முன்னே வந்து நின்றார்.

சுஹைரா வண்டியிலிருந்து இறங்கிப் படியில் அமர்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கி வைத்தாள். முகம் தெருப் பக்கம் இருந்ததால் கூடிய சனமெல்லாம் அவள் கண்ணில் பட்டது. தூக்கிவிட வந்தவர்களைத் தம்பிராசா ஊன்றுகோலை நீட்டித் தடுத்தார். பாதியில் இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறினாள்.

மேலிருந்து அதிகாரி ஓடி வந்தார். காணிக் கடதாசியைத் தந்தால் தானே மேலே கொண்டுபோவதாகச் சொன்னார்.

"கடதாசி எத்தினயோ தரம் மேல வந்திட்டுது, சேர். நான்தான் இன்னும் வரல்ல."

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தக் கந்தோர் கீழ்த்தளத்துக்கு மாறியது. வாசலில் சாய்தளமும் கட்டினார்கள். முதலில் கட்டியது செங்குத்தாகப் போய்விட, சங்கத்தார் சண்டை பிடித்து உடைத்துக் கட்டுவித்தார்கள்.

யாரோ எடுத்த வீடியோ காத்மாண்டு வரை போயிருந்தது. அந்த நேபாளப் பெண் மொழிபெயர்ப்பாளரோடு தொலைபேசியில் வந்தாள். எங்கள் ஊரிலும் ஏறப்போகிறோம், எந்த இடத்தில் அதிகம் பயந்தீர்கள் என்று கேட்டாள்.

சுஹைரா சொன்னாள்:

"ஏறக்குள்ள பயமில்ல. முதல்ல வண்டிய விட்டு நிலத்தில இறங்கினன் பாருங்க, அப்பதான்."

பிறகு காற்சட்டைக்கு எவ்வளவு பஞ்சு வைப்பது என்று விளக்கத் தொடங்கினாள்.